திருப்பத்தில் பெல் அடிக்கச் சொல்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். உன் அம்மா நலம்தான். எனக்குத்தான் கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை. டாக்டரிடம் போகிற சமாச்சாரம் இல்லை, பயப்படாதே. மனசில் ஒன்று உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். இந்தப் பக்கம் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், அந்தப் பக்கம் என் மருமகள் சுதா நிற்பாள், நான் வழக்கம்போல எதையாவது உளறிவிட்டு, சரி வைக்கிறேன் என்று முடித்துவிடுவேன். பஸ் ஓட்டினவனுக்குக் கடிதம் எல்லாம் வருமா என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுச் சிரி. படித்து முடித்ததும் சுதாவிடம் கொடு. அவளிடம் நான் சொன்னது உண்மையில் பாதிதான். மீதிப் பாதியை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ கேட்டது. உன் கம்பெனி உன்னை மூன்று வருஷத்துக்கு நெதர்லாந்துக்கு அனுப்புகிறது. அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் முதல் ஆபீஸ் போகிறவர்கள் வரைக்கும் எல்லோரும் சைக்கிளில்தான் போகிறார்களாம். நீ வீடியோ அனுப்பினாய். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஒருத்தி முன்னால் ஒரு பெட்டியில் ரெண்டு குழந்தையை உட்கார வைத்து மிதிக்கிறாளே, அவளுக்கு மாமியார் கிடையாதா என்று கேட்டாள். என் பேத்தி யாழினியும் அப்படித்தான் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும் என்றதும் சுதா பயந்துவிட்டாள். அவளைத் தேற்றுவதற்கு நீ ஒரு யோசனை செய்தாய். பாண்டிச்சேரியில் காலை நேரத்தில் சைக்கிளில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், கூடவே வழிகாட்டி வருகிறார், குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள், போவதற்கு முன்னால் அதில் ஒரு முறை போய்ப் பார்த்துவிடலாம் என்றாய். "சேஃப்பா இல்லியான்னு நீங்க ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு சொல்லுங்கப்பா. உங்களுக்குத் தெரியாத ரோடா" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குள் சுதா போனை வாங்கிக்கொண்டாள். அவள் பேசினது அப்படியே என் காதில் இருக்கிறது. "மாமா, நீங்க சரின்னா சரி. பயமா இருக்குதுன்னு நீங்க சொன்னீங்கன்னா டூரும் வேணாம், அந்த ஊரும் வேணாம். அவரு மட்டும் போய்ட்டு வரட்டும். நானும் யாழினியும் திண்டிவனத்துலயே உங்க கூட இருந்துக்கிறோம்" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அவள் விளையாடவில்லை. என் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லில் மூன்று வருஷத்தைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு அவள் போனை வைத்தாள். அந்த நிமிஷம் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். யாழினி தினமும் சாயந்திரம் இந்த வீட்டு வாசலில் வந்து புத்தகப் பையைத் தூக்கிப் போடுவாள் என்று தோன்றியது. அப்போது நான் இன்னும் பாண்டிச்சேரிக்குக் கிளம்பக்கூட இல்லை.

எனக்குச் சைக்கிள் என்றால் பயம் என்பது உனக்குத் தெரியும். ஓட்டுகிற பயம் இல்லை, பார்க்கிற பயம். விழுப்புரம் டிப்போவில் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டையர் ஆகிற நாள் வரைக்கும் சைக்கிள்காரர்களை நான் மேலே இருந்துதான் பார்த்திருக்கிறேன். லாரிக்காரன் அடுத்து என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். கார்க்காரன் என்ன செய்வான் என்று பாதி தெரியும். சைக்கிள்காரன் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணாடி கிடையாது, சிக்னல் கிடையாது, மனசில் எது தோன்றுகிறதோ அந்தப் பக்கம் திரும்புவான். ஒரு நாள் கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் ஒருவன் பாரில் குழந்தையை வைத்துக்கொண்டு என் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே போனான். நான் அடித்த பிரேக்கில் நின்றுகொண்டு வந்தவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள், ஒரு அம்மாவின் மல்லாட்டை மூட்டை அவிழ்ந்து பஸ் முழுக்க வேர்க்கடலையாகச் சிதறியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அந்தக் குழந்தை மட்டும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு போனது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடாமல் படுத்ததற்குக் காரணம் உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் உனக்குச் சைக்கிள் கொடுத்தபோது அதைப் பூட்டி வைத்துவிட்டு, பஸ் பாஸ் இருக்கும்போது இது எதுக்கு என்றேன். நீ சாவி இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு மயிலம் தேர் பார்க்க நண்பர்களோடு கிளம்பிவிட்டாய். அந்தக் கதையை நீ உன் கல்யாணத்தன்றைக்குக்கூட மேடையில் வைத்துச் சொல்லிச் சிரித்தாய், எங்கப்பா பஸ்ஸ வெச்சு என்னைத் துரத்தினவரு என்று. அன்றைக்கு நான் பஸ்ஸை எடுத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டினதும் எனக்கு முன்னால், தேர் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற மூன்று சைக்கிள்கள். நடுவில் போகிற முதுகு யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்தது. கையை ஹாரனில் வைத்தவன் எடுக்கவே இல்லை. மற்ற இரண்டு பேரும் அப்படியே ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், நீ மட்டும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்து, தடுமாறி, சேற்றில் இறங்கி நின்றாய். நான் உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் நீ எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சேறு காய்ந்த பேன்ட்டை உன் அம்மாதான் துவைத்தாள். நீ சிரித்துச் சொல்கிற அந்தக் கதை எனக்கு இத்தனை வருஷம் கழித்துப் போன வாரம்தான் புரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்குப் போனேன். "சைக்கிளப் பாக்கறதுக்கு இன்னாத்துக்குங்க காக்கிச் சட்ட?" என்று உன் அம்மா கேட்டாள். காக்கி போட்டால் நாலு பேர் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள் என்று நினைத்தேன். போட்டும் பிரயோஜனம் இல்லை. அங்கே சைக்கிள்களை நிறுத்தி வைத்திருக்கிற இடத்தில் என்னைப் பார்த்த ஒரு பெண், பார்க்கிங் அந்தப் பக்கம் சார் என்று கை காட்டினாள். அவள்தான் வழிகாட்டி, பேர் செல்வி, குயிலாப்பாளையத்துப் பெண். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள், அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம். பஸ்ஸுக்கு வருஷா வருஷம் எஃப்.சி. பார்ப்பார்களே, அதுபோல நான் ஒவ்வொரு சைக்கிளாகப் பார்த்தேன். பிரேக்கைப் பிடித்துத் தள்ளினேன், ஹேண்டில்பாரை ஆட்டினேன், டயரை அமுக்கினேன், பெல்லை அடித்தேன். சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஒன்றில் பின் பிரேக் கொஞ்சம் தளர்வாக இருந்தது. காட்டினதும் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டாள். பிள்ளைகளுக்கு என்று சின்ன சைஸில் ஹெல்மெட் வைத்திருக்கிறார்கள், வார் எல்லாம் புதுசு. அப்புறமும் நான் விடவில்லை. குறுக்கே மாடு வந்தால் என்ன செய்வீர்கள், மழை பிடித்துக்கொண்டால் என்ன, ஒரு பிள்ளை நடுவழியில் இனிமேல் மிதிக்க மாட்டேன் என்று அழுதால் என்ன, ஒருத்தன் மேலே வந்து இடித்துவிட்டால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். கேட்டுக்கொண்டே போனேன்.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சிலதுக்கு நல்ல பதில், சிலதுக்கு, பார்த்துக்கலாம் சார் என்கிற பதில். கடைசியில் அவளுக்கே அலுத்துவிட்டது. "சார், இப்டி நின்னுக்கினு கேட்டீங்கன்னா எத்தினி சொன்னாலும் பயம் போவாது. இப்ப ஒரு குடும்பம் கெளம்புது. நீங்களும் வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து சொல்லுங்க" என்றாள். சேலத்திலிருந்து ஒரு அப்பா, அம்மா, அவர்களுடைய பெண். யாழினி வயசுதான் இருக்கும், யாழினியைப் போலவே முன்பல் விழுந்த வாய். அவள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் சைக்கிளில் ஏறினேன். ஏறின வேகத்தில் என் கண் தானாக வலது பக்கம் சைடு கண்ணாடியைத் தேடியது. அங்கே காற்றுதான் இருந்தது. பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் ஒரு வண்டியை நகர்த்துவது டிரைவரான பிறகு எனக்கு அதுதான் முதல் தடவை.

ஏற்பாடு என்ன என்றால், செல்வி முன்னால் போவாள். கடைசியில் அவர்களுடைய ஆள் ஒருத்தர் வருவார். நடுவில் நாங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் செல்வி திரும்பி, கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வாள். எல்லோரும் திரும்பி முடித்ததும் கடைசியில் வருகிறவர் இரண்டு தடவை பெல் அடிப்பார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அடுத்த தெருவுக்குக் கிளம்புவாள். நான் அந்தக் குழந்தைக்கு நேர் பின்னால் வருகிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். கடற்கரைச் சாலையில் அந்த நேரத்துக்கு வண்டிகளை விடுவதில்லை, நடக்கிறவர்கள்தான். அங்கே எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டின அந்த மஞ்சள் சுவர்த் தெருக்கள், பெரிய வாய்க்கால், அதைத் தாண்டி நம் ஜனங்கள் இருக்கிற பக்கம். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா குடத்தோடு ஒதுங்கி நின்று எங்களைப் போகவிட்டாள். பால் வண்டிக்காரன் ஒருவன் தானாகவே ஓரம் கட்டினான். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. என் பஸ்ஸுக்கு யாரும் அப்படி ஒதுங்கினதில்லை.

மார்க்கெட் பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அதைக் கவனி, நின்றுகொண்டிருந்தது, நகரவில்லை. டிரைவர் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். செல்வி சொல்லிக் கொடுத்தபடி இடது கையை நீட்டி, வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிப் போக ஆரம்பித்துவிட்டாள். என் கண்ணுக்கு இது ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஆட்டோவும் குழந்தையும்தான். ஓரம், ஓரம், பிரேக்கப் பிடி என்று கத்தினேன். டீசல் வண்டிக்கு மேலே பேசிப் பேசிப் பழகின தொண்டை. தெருவே திரும்பிப் பார்த்தது. குழந்தையும் திரும்பிப் பார்த்தது. திரும்பினதில் ஹேண்டில்பாரும் கூடத் திரும்பி, சைக்கிள் சாய்ந்து, அவள் கீழே விழுந்தாள். ஹெல்மெட் பிளாட்பாரத்தில் டக்கென்று இடித்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

முட்டியில் சிராய்ப்பு, உள்ளங்கையில் கொஞ்சம் ரத்தம். ஹெல்மெட் இருந்ததால் தலையில் ஒன்றும் இல்லை. அவள் அம்மா சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆட்டோ டிரைவர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் என்ன பண்ணினேன் என்கிற மாதிரி நின்றான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கிட்டே போகக் கால் வரவில்லை. அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "நான் பாத்துட்டுதான் தாத்தா போனேன். நீங்க கத்தினீங்க, அதான் திரும்பிட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் எங்கே தப்பு என்று கேட்டால் காட்டுவார்களே, அப்படிக் காட்டினாள். எனக்குச் சேற்றில் நின்ற உன் முகம்தான் வந்தது. அன்றைக்கு நீயும் பார்த்துக்கொண்டுதானே போயிருப்பாய்.

செல்வி மருந்துப் பெட்டியை எடுத்துக் காயத்தைத் துடைத்துப் பிளாஸ்டர் போட்டாள். அப்புறம் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், "பின்னாடி வர்றவங்க கத்தக் கூடாதுங்க சார், அதான் இங்க மொத ரூலு. நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க முன்னாடி வாங்க, என் கூட." நான் திரும்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றேன். அந்தப் பெண் விடவில்லை, தாத்தாவும் வரட்டும் என்றாள். அவளைக் கடைசியில் விட்டு, பெல் அடிக்கிற வேலையை அவளிடம் கொடுத்தார்கள். அவளுடைய சைக்கிளுக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய ஆள் வந்தார். நான் முன்னால். அந்தக் குழந்தை எனக்குத் தெரியாத இடத்தில், என் முதுகுக்குப் பின்னால். முதல் திருப்பம் திரும்பி நின்றேன். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. அப்போது பின்னால் டிரிங், டிரிங் என்று இரண்டு பெல். செல்வி பெடலை மிதித்தாள், நானும் மிதித்தேன்.

அடுத்த திருப்பத்தில்தான் எனக்கு உறைத்தது. வேலை பார்த்த காலம் முழுக்க நான் செய்தது இதுதானே. பஸ்ஸில் ஏறினவர்களை டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. படியில் யார் நிற்கிறார்கள், கடைசி சீட்டில் யார் இருக்கிறார்கள், கைக்குழந்தைக்காரி ஏறிவிட்டாளா என்று எனக்கு எதுவும் தெரியாது. கண்டக்டர் இரண்டு விசில் கொடுப்பார். நான் கியரைப் போடுவேன். அந்த இரண்டு விசிலை நம்பி எத்தனை ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். சொந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் நான் விசிலுக்குக் காத்திருந்ததே இல்லை. அதற்கு அப்புறம் வந்த ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பெல்லைக் கேட்டுவிட்டு நான் வண்டி எடுத்தேன். கழுத்து துடிக்கவில்லை. உள்ளபடியே சொன்னால், அதுவரை தெரியாத கோவில் ஒன்றும் நல்ல இட்லிக் கடை ஒன்றும் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டன.

இவ்வளவும் நடந்த பிறகு திண்டிவனம் வருகிற பஸ்ஸில் உட்கார்ந்தேன். அந்தப் பஸ்ஸில்தான் நான் தப்புச் செய்தேன். ஜன்னல் ஓரம் சீட்டு கிடைத்தது, முட்டி இரண்டும் விண்விண்ணென்று வலித்தது. நீங்கள் மூன்று பேரும் விமானத்தில் ஏறிப் போகப்போகிற நாள் கண் முன்னால் வந்தது. போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நீ எவ்வளவு ஜல்தியாக வந்து நின்றாய் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து சுதா போன் செய்தாள், போய்ப் பார்த்தீர்களா மாமா என்று. நான் சொன்ன பதில் இது: "என் கண்ணு முன்னாடியே ஒரு பொண்ணு விழுந்துச்சிம்மா. யாழினி வயசுதான். ரத்தம் வந்துடுச்சி." ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். யார் கத்தினதால் விழுந்தது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவள் "போதும் மாமா" என்றாள். நான் சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

அதற்கு அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். சுதா டூரும் வேண்டாம், பயணமும் வேண்டாம் என்றுவிட்டாள். உன் அம்மா பரணில் கிடந்த உன் படிப்பு மேசையை என்னை விட்டே கீழே இறக்க வைத்தாள். துடைத்து, நடு ரூமில் ஜன்னல் பக்கம் போட்டாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. நீ போன் செய்தாய். நான் என்னென்னவோ சமாதானம் சொல்லத் தயாராக இருந்தேன். நீ எதையும் கேட்கவில்லை. "சரிப்பா, நீங்க பாத்துட்டீங்கன்னா சரி" என்றாய். சேற்றுப் பேன்ட்டோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கும் இதே மாதிரிதான் நீ பேசாமல் உள்ளே போனாய். அந்தச் 'சரிப்பா'தான் எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது. மூன்று வருஷம் உன் பெண் உன்னை விட்டு இங்கே இருக்கப்போகிறாள், நீ எங்கேயோ ஒரு ரூமில் தனியாகச் சமைத்துக்கொண்டு கிடப்பாய். என் ஒரு பாதிப் பேச்சினால்.

சுதா, இனி நீயும் படி. அந்தக் குழந்தை விழுந்தது என்னால். ரோட்டால் இல்லை, ஆட்டோவால் இல்லை, அந்த டூர் நடத்துகிறவர்களால் இல்லை. எனக்குச் சைக்கிளைப் பார்த்துப் பயமாக இருந்தது நிஜம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து உன்னிடம் பேசினபோது என்னைப் பேச வைத்தது சைக்கிள் பயம் இல்லை. நீங்கள் எல்லோரும் போய்விடுவீர்களே என்கிற பயம். அதை அப்படியே சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் ஒரு குழந்தையின் முட்டியில் வந்த ரத்தத்தைச் சொன்னேன். எனக்கு யாழினி பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் அவளுடைய அப்பா பக்கத்தில் அவள் இருப்பதுதான் சரி. என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன்.

இப்போது, நீங்கள் என்னைப் போய்ப் பார்க்கச் சொன்ன விஷயத்துக்குப் பதில். குடும்பத்தோடு போகலாம். கண்ணை மூடிக்கொண்டு இல்லை, பார்த்துப் போகலாம். யாழினி சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும், எட்டவில்லை என்றால் சீட்டை இறக்கச் சொல்லுங்கள், கொஞ்ச தூரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஹெல்மெட் வாரை நீயே இழுத்துப் பார். செருப்பு வேண்டாம், ஷூ. சுதா, நீ காலேஜில் ஓட்டினது, அதற்கு அப்புறம் தொடவே இல்லை. உங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இரண்டு மூன்று நாள் சாயந்திரம் சுற்றிப் பார், பிள்ளையின் சைக்கிளைவிட உன் சைக்கிள்தான் எனக்குக் கவலை. ஒரு தெரு கஷ்டமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மார்க்கெட் பக்கம் கூட்டம் சேருவதற்கு முன்னால் திரும்பிவிடுகிற முதல் ரவுண்டிலேயே போங்கள். மகனே, நீ ஓட்டிக்கொண்டே செல்போனில் வீடியோ எடுக்கிற வேலை வைத்துக்கொள்ளாதே. எடுத்தால் அங்கேயே இறங்கி நான் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

டூருக்கு நீ முதலில் குறித்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். காலண்டரைப் பார்த்தேன், அதற்கு முந்தின நாள் அமாவாசை. மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டினவன் சொல்கிறேன், அந்த ராத்திரி முழுக்க அங்கே யாரும் தூங்குவதில்லை, அங்காளம்மனைப் பார்க்கப் போன வேன்காரர்களும் சேர்த்துத்தான். விடிந்ததும் அவர்கள் எல்லோரும் செஞ்சி வழியாகத் திண்டிவனம் வந்து, பாண்டிச்சேரி ரோட்டில் இறங்குவார்கள். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள், எனக்குத் தெரியும், நானும் அப்படி வந்திருக்கிறேன். இந்த விஷயத்தில் உண்மையில் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது அந்தக் காலை நேரத்தில் உன் காரில் போகிற ரோடுதான், டூர் இல்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள். சனிக்கிழமையே வந்து இங்கே படுங்கள், காலையில் சேர்ந்து போகலாம்.

இது வரைக்கும் எழுதினதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள், அந்தச் சேலத்துப் பெண் சொன்ன இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். நான் மீதியையும் படித்து முடித்தேன். கோபம் வந்து இரண்டு நாள் பேஜாரு பண்ணப் போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து நடு ரூமுக்குப் போனாள். அந்த மேசை மேலே துணியைப் போட்டு மூடினாள். "பரணுக்கு ஏத்திடுங்க. லீவுக்கு வந்தா எறக்கிக்கலாம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள், அதை நான் பார்க்காதது மாதிரி இருந்தேன். மேசையை இரண்டு பேரும் சேர்ந்து ஏற்றினோம். இறக்கினபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

நானும் அந்த டூருக்கு வருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. செல்வியிடம் போனில் பேசிவிட்டேன், எனக்கு முன்னால் இடம் போட்டு வைத்திருக்கிறாள். கத்த மாட்டேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். யாழினியைக் கடைசியில் விடச் சொல், உன் பக்கத்தில், சுதா பக்கத்தில். ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்று பேரும் திரும்பி முடித்ததும் அவளை இரண்டு பெல் அடிக்கச் சொல். அந்த ஊருக்குப் போன பிறகும் அப்படித்தான், போனில் இரண்டு பெல். நான் இங்கே நின்றுகொண்டிருப்பேன், எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பெல் சத்தம் மட்டும் கேட்டால் போதும், நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன்.

அன்புடன்,
உன் அப்பா